குண்டானில் போனவன்

…லக்கேஜாம்மா! சேவலப் போயி லக்கேஜுன்றான் அந்தக் கண்டக்டரு. எந்த லக்கேஜுடா கழுத்த நீட்டி ஜன்னலப் பாத்துகினு வரும்னு கேட்டேன். மூஞ்சத் திருப்பிகினு டிக்கெட்டக் கிழிச்சுக் குடுத்துட்டுப் போறான். எங்க ஊரு ஓ.டி.ல எத்தினி வருஷமா ஏறி எறங்குறேன், ஒருத்தன் கேட்டதில்ல… நகந்து ஒக்காரு கண்ணு, நல்லா ஒக்காரு. பை கிட்ட கைய வக்காத, கொத்திடும். காலு பத்திரம், சீட்டுக்கு அடியில குண்டான் கெடக்குது. அதுவும் என்னுதுதான். அத அவன் பாக்கல. பாத்திருந்தா அதுக்கும் ஒண்ணு கிழிச்சிருப்பான்.

சிதம்பரமா? நானும் அங்கதான். என் தம்பி வீடு. ஆரோக்கிய ஜெகன்னு பேரு, மருந்துக்கட வச்சிருக்கான். நாளைக்கு அவன் பொண்ணு ரெபேக்காவுக்குப் புதுநன்மை. எங்க கோயில்ல எட்டு ஒம்போது வயசுல புள்ளைங்களுக்கு மொத மொத நன்மை, அதான் அந்த அப்பம், குடுப்பாங்க, அது. வெள்ளக் கவுனு, தலையில கிரீடம், கையில மெழுகுவத்தி, கல்யாணப் பொண்ணு தோத்தா போ. நான் அத்த. அத்த மட்டுமா, ஞானத்தாயும் நாந்தான். ஞானஸ்நானத்தன்னைக்கு அவளக் கையில ஏந்திகினு நின்னவ. அப்ப நாளைக்கு அந்த மெழுகுவத்திய யாரு ஏத்திக் குடுக்கணும்? நாந்தானே? மொற அதானே?

அந்தக் குட்டி என்னா சொல்லியிருக்கா தெரியுமா? "அத்த ஏத்தக் கூடாது. அத்த கெட்டவங்க"ன்னு. ஒம்போது வயசும்மா. எனக்குன்னு வயித்துல ஒண்ணும் பொறக்கல. இருக்கிறது அவ ஒருத்திதான். அவ சொல்றா, கெட்டவங்கன்னு.

எதுக்கா? ஒரு பொஸ்தகத்துக்கு. பொம்ம போட்ட கதப் பொஸ்தகத்துக்கு!

"மாலுமி கொண்டையன்" கேள்விப்பட்டிருக்கியா… பாத்தியா பாத்தியா, சிரிக்கிற! உன் வீட்லயும் இருக்கா? புள்ளைக்கு என்னா வயசு?… ஆறா. அதப் படிச்சாத்தான் தூங்குதா. ம்க்கும். எந்த வீட்டப் பாத்தாலும் இதே கதையாத்தான் இருக்கு. சாஞ்ச கொண்டையோட ஒரு சேவலு, வெள்ளம் வந்தப்ப ஒரு குண்டான்ல ஏறி ஒக்காந்து கடலுக்குப் போயி, தீவு தீவா சுத்துறான். அந்தக் குண்டான வுட்டு எறங்கவே மாட்டான். சுறாவுக்கு வழி சொல்லுவான், நண்டுக்குப் பஞ்சாயத்துப் பண்ணுவான். சரி. புள்ளைங்க சிரிக்கட்டும், எனக்கென்ன? ஆனா மொதப் பக்கத்துல ஒருத்தி வருவாளே… மாவுக்கார மங்காத்தான்னு… பல்லக் கடிச்சிகினு, "உன்னக் கொழம்பு வக்கிறேன் பாரு"ன்னு அந்தச் சேவலத் தொரத்திகினு…

இப்ப என் மூஞ்சிய நல்லா பாரு கண்ணு. மூக்குக்குப் பக்கத்துல மச்சம். காதுல இந்தக் கம்மலு.

ஆங். அவதான் நானு.

நான் மாவுக்காரிதான். யாரு இல்லன்னா? ஓ.டி.ல மேரியக்கா மாவுன்னு கேட்டுப் பாரு, சின்னப்புள்ள வழி காட்டும். ஆனா அந்தப் பொம்மையில என் கையில என்னாத்தக் குடுத்திருக்கான் தெரியுமா? அருவாமன. அருவாமனையத் தலைக்கு மேல தூக்கிகினு ஓடுறேன்! ஏம்மா, அருவாமனைய எவளாவது தூக்கிகினு ஓடுவாளா? அது ஒக்காந்து அரியிறது. ஓடுனா நம்ம காலத்தான் அறுத்துடும். இதுகூடத் தெரியாதவனுக்குப் பரிசாம், கேடயமாம். போன மாசம் மாவு வாங்க வர்றான் ஒரு பொடியன், "அக்கா, அருவாமனய காட்டுங்க, ஒரு செல்பி எடுத்துக்கிறேன்"றான். மாவு கட்டிக் குடுக்கிற கையால ஒண்ணு வச்சிருப்பேன்.

எங்க வீட்டுக்காரரு, அடைக்கலராஜ், லோடு ஆட்டோ ஓட்டுறாரு. அவரும் வர்றாரு அந்தக் கதையில. அவரு எப்டி வர்றாரு? நல்லவரா வர்றாரு! கொண்டையனுக்கு ஒளிச்சு வச்சு அரிசி போடுற தாடிக்காரரா வர்றாரு. நெஜத்துல அந்த மனுஷன் சேவலு காலையில கூவி எழுப்பிடுச்சுன்னு செருப்பத் தூக்கி வீசுனவரு. இன்னைக்கு ஸ்கூல் புள்ளைங்க வந்தா கதவத் தொறந்து வுட்டு, தாடியத் தடவிகினு, "ஆமா கண்ணுங்களா, அவன் என் உயிரு"ன்றாரு. தாடியே பொஸ்தகம் வந்த பின்னாலதான் வளத்தாரு.

யாரு எழுதுனதா? சித்தார்த்துன்னு ஒரு தம்பி. கோயமுத்தூரு பக்கம். சிப்காட்டுல ஒரு கம்பெனிக்கு வேலைக்கு வந்தவன், எங்க மாடி ரூம்ல குடியிருந்தான். சும்மா சொல்லக் கூடாது, தங்கமான புள்ள. அதிர்ந்து பேச மாட்டான். சாயந்தரம் ஆனா மாடிப்படியில ஒக்காந்து எதையாவது வரஞ்சிகினே இருப்பான். கணக்கு எழுதுறான்னு நெனச்சேன். என்ன வரஞ்சிருக்கான்!

அந்தச் சேவலு என்னுதும்மா. தொரன்னு பேரு. நடையப் பாத்து வச்ச பேரு அது, வெள்ளக்காரத் தொர கெட்டான். அது சும்மா வளத்த சேவலு இல்ல, நேந்துவுட்டது. என் தம்பிக்குக் கல்யாணம் ஆயி ஏழெட்டு வருஷமாப் புள்ள இல்ல. தம்பி பொண்டாட்டி ரேகா, அதுக்குத் தாயும் இல்ல தகப்பனும் இல்ல. ஊரு வாய் சும்மா இருக்குமா? அந்த வலி எனக்குத் தெரியாததா? செவ்வாக்கெழமயில அந்தோணியார் கோயில்ல போயி முட்டி போட்டேன். "சாமி, எனக்குத்தான் குடுக்கல, அதுக்காவது குடு. உன் திருநாளுக்குச் சேவலு கொண்டாறேன்"னு சொல்லி ஒரு குஞ்ச வாங்கி வுட்டேன். நேத்திச் சேவல எல்லாம் திருநாளன்னைக்குக் கோயில்ல ஏலம் வுடுவாங்க. அதுவரைக்கும் அது சாமியோடது. அடிக்கக் கூடாது, பட்டினி போடக் கூடாது.

அது அவனுக்கே தெரிஞ்சிடுச்சும்மா! அடிக்க மாட்டான்னு தெரிஞ்சா மனுஷனே ஆடுவான், சேவலு ஆடாதா? ஊற வச்ச அரிசியில வாய வைக்கிறது. அரச்ச மாவுல காலு வைக்கிறது. மாவுல காலு பதிஞ்சா எவ வாங்குவா? கம்ப எடுக்க முடியாது, கல்ல எடுக்க முடியாது. வாய்தானே இருக்கு எனக்கு? வாயால வெட்டுனேன். "இரு, ஒரு நாள் இல்ல ஒரு நாள் உன்னக் கொழம்பு வச்சு இறக்குறேன் பாரு"ன்னு. காலையில ஒரு தடவ, மத்தியானம் ஒரு தடவ. மாடியில ஒக்காந்து அதத்தான் அந்தப் புள்ள கேட்டுகினே இருந்திருக்கு. கேட்டது தப்பில்ல. அப்டியே எழுதிட்டானே, அதான்!

என்னா கேட்ட? அந்தச் சேவலு என்னா ஆச்சா?

என்னா ஆவும்… குண்டான்ல போச்சு. ஆலப்பாக்கம் வந்துடுச்சா பாரு. இந்த டிரைவரு ஓட்டுறானா, தள்ளிகினு வர்றானான்னு தெரியல. தண்ணி வச்சிருக்கியா? ஒரு வாய் குடு. சேவலுக்கு இல்ல, எனக்குத்தான்.

அந்தப் பொஸ்தகத்த எங்க வீட்டுக்கு அனுப்புனான்மா அவன். உள்ள எழுதியிருக்கான், "மேரியக்காவுக்கு அன்புடன்"னு. கோவம் வர்ற எடத்துல சிரிப்பும் வந்துச்சு. என் தம்பி, அந்த அறிவாளி என்னா பண்ணான்? ரெபேக்காவ மடியில வச்சிகினு படிச்சுக் காட்டி, "இது யாரு தெரியுதாடி? நம்ம அத்த!"ன்னு சிரிச்சிருக்கான். புள்ள சிரிக்கல. வெளையாட்டு வெனையாச்சு. அதுக்கப்பறம் நான் கொண்டு போற மாவுல இட்டிலி சுட்டா திங்க மாட்டா. கிறிஸ்மசுக்குப் போனேன், மடியில வாடின்னு கூப்ட்டேன். எட்ட நின்னுகினு கேக்குறா, "கொண்டையன ஏன் வெட்ட வந்தீங்க?"ன்னு. அத்தினி பேரு எதிர்ல. எல்லாம் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். அப்பறம் பின்பக்கம் போயி முந்தானைய வாயில வச்சிகினு அழுதேன், தெரியுமா.

அதான் இவன வாங்கினேன். மேல்பட்டாம்பாக்கத்துல ஒரு வீட்ல. நெல்லிக்குப்பம், அந்தச் சுத்துப்பட்டு பூராத் தேடி, சாஞ்ச கொண்டையா பாத்துப் பாத்து… ஒரிஜினலு மாதிரியே இருக்கான் இல்ல? கொண்டு போயி அவ முன்னால வுட்டு, "பாருடி, உன் கொண்டையன் கடலெல்லாம் சுத்திட்டுத் திரும்பி அத்தகிட்டயே வந்துட்டான், நான் வெட்டல பாரு"ன்னு சொல்லணும். சொல்லிட்டு அந்த மெழுகுவத்திய ஏத்தணும். ஒரே கொற, இவன் கூவ மாட்டேன்றான். வாங்குனதுலேருந்து வாயத் தொறக்கல. ஊமக்கோட்டான்.

மறுபடியும் அதையே கேக்குற பாரு நீ! அப்ப ஒரிஜினலு எங்கன்னு. வுட மாட்டியா? உன் புள்ளைக்குச் சொல்லணுமா?

…இந்தா, இங்க கிட்ட வா. பின்னாடி சீட்டுக்காரன் காது இங்கதான் இருக்கு.

ரெண்டாயிரத்திப் பதினஞ்சு வெள்ளம் ஞாபகம் இருக்கா? கெடிலம் ஆறு எங்க, தெரு எங்கன்னு தெரியல. ரேகா அப்ப எங்க வீட்லதான் இருக்கா. தாயில்லாதவளாச்சே, பிரசவத்துக்கு நாந்தானே கூட்டியாந்தேன். ரெபேக்கா பொறந்து பத்து நாளுகூட ஆவல. கீழ் வீடு முழுக்கத் தண்ணி. எல்லாரும் சித்தார்த்து ரூம்ல. அடுப்பு இருக்கு, அரிசி இருக்கு, வேற ஒண்ணும் இல்ல. ஒரு கட தொறக்கல. ரேகாவுக்குப் பாலு சுரக்கல. பச்ச ஒடம்புக்காரி, வெறும் கஞ்சியக் குடிச்சிகினு எப்டி சுரக்கும்? பால்சுறா மீனு வாங்கிப் புட்டு செஞ்சு குடுக்கலாம்னா கடலுக்கு எவன் போனான்? குழந்த அழுதழுது தொண்ட கட்டிப் போச்சு. அப்பறம் அழறதையும் நிறுத்திடுச்சு. அழுதாக்கூடப் பரவால்லம்மா. நிறுத்திடுச்சு பாரு, அதான் பயமாயிடுச்சு.

தொர மாடிப்படிக் கைப்பிடியில ஒக்காந்து என்னப் பாத்துகினு இருக்கான்.

நேந்துவுட்டதுதான். எனக்குத் தெரியாதா? எந்தப் புள்ளைக்காக நேந்து வுட்டனோ அந்தப் புள்ளதானே உள்ள கெடக்குது? விடிஞ்சும் விடியாம எல்லாம் கண்ணசந்தப்ப எழுந்து போயி தூக்குனேன். எத்தினியோ நாள் தொரத்தியிருக்கேன், ஒரு நாளும் ஆப்டாதவன், அன்னைக்குக் கையில அப்டியே ஒக்காந்துகினான். ஒரு சத்தம் போடல. கோயிலுக்குத் தூக்கிட்டுப் போறேன்னு நெனச்சிகினான் போல.

இதோ உன் காலுகிட்ட கெடக்குதே, இந்தக் குண்டான்தான். இதுலதான் வச்சேன்.

மொளகு, பூண்டு தட்டிப் போட்டு, சாறு மாதிரி, பிள்ளப் பெத்தவளுக்கு வக்கிற பக்குவத்துல. எல்லாம் எழுந்திரிக்கிறதுக்குள்ள வேற சட்டியில மாத்தி வச்சு, ரெண்டு நாள் குடுத்தேன். பாலு வந்துச்சு. புள்ள குடிச்சுச்சு. குடிச்சிட்டு ஒரு ஏப்பம் வுட்டுச்சு பாரு… சரி வுடு.

மிச்சத்துல சித்தார்த்துக்கும் ஊத்துனேன். பசியில கெடக்கான், அவன் ரூம்ல ஒக்காந்துகினு அவனுக்கு இல்லன்னு சொல்ல முடியுமா? நல்லா சாப்ட்டான். எலும்பக் கடிச்சுத் தின்னான். "ஏதுக்கா கோழி?"ன்னான். படகுல வந்து குடுத்தாங்க தம்பின்னேன். வெள்ளத்துல எவன்மா நாட்டுக்கோழி அறுத்துக் குடுப்பான்? நம்பிட்டான். அப்பறமா சுத்திச் சுத்திப் பாத்துட்டு, "தொரய காணுமே"ன்னான். அந்தப் புள்ள தொர மேல உயிரா இருந்துச்சு, பிஸ்கோத்து வாங்கிப் போடும். வாயில எலும்ப வச்சிகினு கேக்குறான். என்னா சொல்லட்டும்? வாய்க்கு வந்தத அடிச்சு வுட்டேன். "காலையில பாத்தேன் தம்பி, நம்ம மாவு குண்டான் தண்ணியில மெதந்துச்சு, அதுல ஏறி ஒக்காந்துகினு ராசா மாதிரி கெடிலத்துப் பக்கம் போயிட்டான், கூப்ட்டேன், திரும்பிக்கூடப் பாக்கல"ன்னு.

ஆமாம்மா! நாந்தான் சொன்னேன்! அந்தக் கதைய அவன் எங்க எழுதுனான்? மொத அத்தியாயமே என் வாயில வந்ததுதான். அவன் பேரு போட்டுகினான், கேடயம் வாங்கிகினான். எனக்கு என்னா குடுத்தான்? அருவாமன குடுத்தான்! அதோட போச்சா? குண்டான் வெள்ளத்துல போச்சுன்னு சொல்லிட்டேன், அப்பறம் அவன் கண்ணுல குண்டான் பட்டா? அவன் வேல மாத்திகினு ரூம்ப காலி பண்ற வரைக்கும் போர்வையில சுத்திப் பரண்ல வச்சிருந்தேன். தண்டமா வேற குண்டான் வாங்கி மாவு கரச்சேன்.

அந்தோணியாருகிட்டயா? அதெல்லாம் பேசித் தீத்துட்டேன். அடுத்த திருநாளுக்கு ஒண்ணுக்கு ரெண்டு சேவலாக் கொண்டு போயி வுட்டேன். "புள்ளையக் குடுத்தவன் நீ, பால நான் குடுக்க வேண்டியதாப் போச்சு"ன்னேன். சாமிகிட்ட எல்லாம் பேசிடலாம். இந்தப் புள்ளகிட்ட எப்டிப் பேசுறது? "நீ யாருக்காக அழறியோ அவனக் குடிச்சுத்தான்டி நீ வளந்த"ன்னு சொல்ல முடியுமா? ரேகாவுக்கே தெரியாது. பொஸ்தகத்துல வர்ற அந்த மங்காத்தா இருக்காளே, அவ கொழம்பு வக்கிறேன்னு மெரட்டுனவதான், கடைசி வரைக்கும் வக்கல. நான் வச்சவ. அந்தக் குட்டி என்னக் கெட்டவங்கன்றா… அவளுக்குத் தெரிஞ்ச அளவுக்குப் பாத்தா ஜாஸ்தி. நெஜத்துக்குப் பாத்தா…

இரு, இரு, போன் அடிக்குது. தம்பிதான்.

ஆங், சொல்லுடா… முட்லூரு வரப் போவுது… ஆங், கொண்டாறேன், குண்டானும் கொண்டாறேன், பாயசத்துக்குன்னு ரேகா கேட்டாளே… யாரு? கொளஞ்சியா? எந்தக் கொளஞ்சி?… கறிக்கட கொளஞ்சியா? அவன் ஏன்டா வீட்ல வந்து ஒக்காந்துகினு இருக்கான்?… டேய்! டேய் ஜெகா! அது அறுக்கிறதுக்கு இல்லடா!… நானா? நான் எப்படா சொன்னேன்?… "நல்ல நாட்டுச் சேவலா பாத்து எடுத்தாறேன், மூணு கிலோ தேறும், பெரிய குண்டானும் கொண்டாறேன்"னு சொன்னேன். அதுக்கு?… அதுக்கு என்னாடா அர்த்தம்?…

…ஆமா. ஆமாடா. விசேஷ வீட்டுக்கு அப்டிச் சொன்னா அந்த அர்த்தந்தான் வரும்.

ரெபேக்கா எங்க?… கேட்டுட்டாளா?… ஸ்பீக்கர்லயாடா போட்டுப் பேசுன, படுபாவி? ரூம்பச் சாத்திகினாளா? நேத்துலேருந்தா? இத இப்பச் சொல்ற… கொளஞ்சிக்கு ஒரு டீ வாங்கிக் குடுத்து அனுப்புடா மொதல்ல. கத்திய எடுத்துகினு போவச் சொல்லு, அவ கண்ணுல படாம. போன அவகிட்ட குடு. கதவு வழியாக் குடு, கெஞ்சிக் குடு.

…ரெபேக்கா? கண்ணு? அத்தடி. வச்சிடாத வச்சிடாத. வெட்டலடி. சத்தியமா வெட்ட மாட்டேன். அது கொழம்புக்குச் சேவல் இல்லடி, அது கொண்டையன். ஆமாடி, கொண்டையன் திரும்பி வந்துட்டான். உன் புதுநன்மைக்குன்னு வந்துட்டான். அத்த கூடத்தான் இருக்கான்… என்னாது?… எதுல வர்றானா? பஸ்…

…குண்டான்லதான்டி. பின்ன, கொண்டையன் வேற எதுல வருவான்? ஆங், அதே குண்டான். அதே… அதேதான்டி கண்ணு. பொய் சொல்லல. அப்பாவக் கூட்டிகினு பஸ் ஸ்டாண்டுக்கு வா, உன் கண்ணால பாரு. குண்டான்ல இருந்தா?… ஏத்தலாமா? மெழுகுவத்திய நான் ஏத்தலாமா? சரி. சரிடி. வா.

கண்ணு, கண்ணு, சீக்கிரம், அந்தக் குண்டான இழு. சீட்டுக்கு அடியிலேருந்து இழு. கண்டக்டரு பாத்தா பாக்கட்டும், ரெண்டு லக்கேஜாப் போடட்டும் போ. என் மடியில வையி. பையி முடிச்ச அவிழு. கொத்த மாட்டான், புடி. வாடா, வா… சிதம்பரம் வர்ற வரைக்கும் இதுல ஒக்காரு. இன்னையிலேருந்து உன் பேரு கொண்டையன், கேட்டியா?

ஒக்காந்துட்டான் பாரு. எவ்ளோ அமரிக்கையா ஒக்காந்துட்டான். நான் கத்துவான், றெக்கய அடிச்சுப் பறப்பான்னு பயந்தேன்… ஒரு சத்தம் போடல.

அவனும் இப்டித்தான்மா.

…என்னா எழுந்துட்ட? முட்லூருதானே வந்திருக்கு? நீ சிதம்பரம்னுதானே சொன்ன? ஓ… இங்க ஒரு வேலையா. சரி, சரி. பாத்து எறங்கு. பாட்டல வுட்டுட்டுப் போற பாரு, இந்தா. கண்ணு, ஒரே ஒரு நிமிஷம். உன் புள்ளகிட்ட நான் சொன்னதச் சொல்லிடாத, ஆறு வயசு, தாங்காது. கொண்டையன் எங்கம்மா போனான்னு கேட்டுச்சுன்னா, குண்டான்ல போனான்னு மட்டும் சொல்லு. பொய்யில்ல அது.